வாஷருக்கு அலையும் விவசாயி

குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த எஃகுக் கம்பி அது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டிலிருந்து எரிந்துபோன கேப்பைக் குத்தி வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், தோட்டா நிரப்பும் சிறு இயந்திரம் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். அதில் அடிக்கடி முறியும் பாகம் இந்தக் கம்பிதான். முறிவதற்குப் பெரும்பாலும் இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. கூட்டின் அடியில் நடுவே ஒரு துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. தள்ளித் தள்ளி இரண்டு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. பெர்டான் கூட்டைக் கவனிக்காமல் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் கம்பி போயிற்று. (பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் நிலைத்ததோ ஆங்கிலேயர் வகை. சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு.)

தவறு தன்னுடையது என்று தெரிந்தே, கம்பியை முறித்தவர் இயந்திரம் செய்த நிறுவனத்துக்குப் போன் போடுகிறார். என்ன மாடல், எந்தப் பாகம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். சில நாள்களில் தபாலில் புதுக் கம்பி வந்துவிடுகிறது. பல நேரங்களில் அதற்குக் காசும் வாங்குவதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் உட்கார்ந்துகொண்டு தோட்டா நிரப்பும் இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன வந்தது என்று கேட்கலாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாயும். அது அப்படியே இருக்கட்டும், அந்தப் பொழுதுபோக்கு இங்கே வர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. 1751-ல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான சண்டையில் முகமது அலிக்காக ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிக்கொண்டபோது வெடித்த வெடியே இந்த ஊருக்குப் போதும். ரஞ்சன்குடிக் கோட்டை அதற்குச் சாட்சியாக இன்னும் நிற்கிறது. எனக்கு வேண்டியது அந்த இயந்திரம் அல்ல. அதை விற்ற பிறகு அந்த நிறுவனங்கள் நடந்துகொள்ளும் முறை. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்த மாவட்டத்தில், ஒவ்வொரு புரட்டாசி, ஐப்பசியிலும் ஸ்பிரேயரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலையும் விவசாயிக்கு அது கிடைக்க வேண்டும்.

முதலில் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு தோட்டாவில் விலை கூடியது பித்தளைக் கூடுதான். சுட்ட பிறகும் அது கெடுவதில்லை, விரிந்துபோகிறது, அவ்வளவே. அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக்குண்டைச் செருகினால் மறுபடி தோட்டா. ஒவ்வொரு வேலையாகச் செய்யும் எளிய அழுத்திகள் உண்டு. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நாலைந்து வேலையும் ஒருசேர நடந்து ஒரு தோட்டா வந்துவிழும் வகையும் உண்டு. இரண்டாவது வகையில் ஸ்பிரிங், பட்டன், பின் என்று தொலைந்துபோகக்கூடிய பொடிச் சாமான்கள் ஏராளம்.

இதைச் செய்யும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் 1943-ல் தொடங்கியது ஆர்.சி.பி.எஸ். நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி 1949-ல் தொடங்கியது ஹார்னடி. விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ 1958-ல் தொடங்கியது லீ பிரிசிஷன். அரிசோனாவில் மைக் டில்லன் என்ற முன்னாள் விமானி தொடங்கியது டில்லன் பிரிசிஷன். ஆர்.சி.பி.எஸ். இயந்திரத்துக்குப் பச்சை வண்ணம், டில்லனுக்கு நீலம், லீக்கும் ஹார்னடிக்கும் சிவப்பு. நம்மூரில் டிராக்டரின் நிறத்தைச் சொல்லியே கட்சி கட்டுவதுபோல அங்கேயும் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று வாக்குவாதம் நடக்கும். ஆனால் இரு கட்சிக்காரரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று: போன் செய்தால் பாகம் வரும்.

டில்லன் கொடுக்கும் உத்தரவாதம் அந்தத் தொழிலில் பேர்போனது. பொழுதுபோக்குக்காக வாங்கிய இயந்திரத்தில் எந்தப் பாகம் உடைந்தாலும், எத்தனை வருடம் ஆனாலும், இலவசமாகச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்பதே அது. உத்தரவாத அட்டை வேண்டாம். இதற்கு எல்லையும் உண்டு. மோட்டார், மின் பாகங்களுக்கு ஒரு வருடம்தான். வியாபாரத்துக்காக ஆயிரக்கணக்கில் நிரப்பும் பெரிய மாடலுக்கும் ஆயுள் உத்தரவாதம் கொடுக்கவில்லை. எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். உத்தரவாதத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அந்த எல்லைதான். எல்லை சொல்லாத வாக்குறுதியை நம்மூர் விளம்பரங்களில் நிறையப் பார்த்துவிட்டோம்.

லீ நிறுவனம் வேறு வழியில் போனது. அவர்கள் இயந்திரம் விலை குறைவு. ஆயுள் உத்தரவாதம் கட்டுப்படியாகாது. எனவே இரண்டு வருடம் உத்தரவாதம். அதற்குப் பிறகு பழுதானால், அன்றைய விற்பனை விலையில் பாதியைக் கட்டி அனுப்பினால் புதிதுபோலச் செய்து, புது உத்தரவாதத்தோடு திருப்பி அனுப்புவோம் என்று அறிவித்தார்கள். ஏழை வீட்டுக்கும் எட்டும் ஏற்பாடு இது. மலிவான பொருள் என்றால் குப்பையில் போடும் பொருள் என்று அர்த்தமில்லை என்பதை நாம் ஆயுள் உத்தரவாதத்தைவிட இந்தப் பாதி விலைத் திட்டத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த முதலாளிகள் எல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. டில்லன் இயந்திரத்தின் விலை கூடுதல். பின்னாளில் இலவசமாக அனுப்பப்போகும் கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் காசு அந்த விலையிலேயே அடக்கம். வாங்குகிறவர்கள் சிறு கூட்டம். துப்பாக்கிக் கிளப்பில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள். ஒருவரை ஏமாற்றினால் அடுத்த வாரமே நூறு பேருக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், இந்த வேலையில் உள்ள ஆபத்து. ஒரே கூட்டில் தவறி இரண்டு மடங்கு மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். சரியான பாகம் கிடைக்காதவர் கையில் கிடைத்ததை வளைத்து, ராவி, ஒட்டவைத்து ஓட்டப் பார்ப்பார். அந்த ஒட்டுவேலையில் யாருக்காவது கண் போனால் வழக்கு வரும், நிறுவனத்தின் பெயர் கெடும். அதற்குப் பாகத்தை இலவசமாகவே அனுப்பிவிடலாம். மனிதாபிமானமும் கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

ஆபத்து என்ற இடத்தில்தான் பேச்சு நம் காட்டுக்கு வருகிறது. 2017-ம் ஆண்டின் பிற்பகுதியில் பெரம்பலூர் மாவட்டத்தின் பருத்திக் காடுகளில் மருந்து அடித்தவர்கள் விஷம் ஏறி இறந்துபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் அதே பருவத்தில் அதே கொடுமை நடந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, கலந்து அடித்த மருந்து, முகக்கவசமும் கையுறையும் இல்லாமை என்று காரணங்கள் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே படைப்புழு வந்தது. இந்தியாவில் 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் கண்டறியப்பட்ட அந்தப் புழு, அந்த ஆண்டு மழைக்காலத்துக்குள் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளை மேய்ந்துவிட்டது. புழு குருத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்பதால் ஒவ்வொரு குருத்துக்குள்ளும் மருந்து இறங்க வேண்டும். அதுவரை மக்காச்சோளத்துக்கு மருந்தே அடிக்காத மானாவாரி விவசாயிகூட ஸ்பிரேயர் வாங்கினார். கைத்தெளிப்பான் போய் பேட்டரி ஸ்பிரேயர் வந்தது, பெட்ரோல் ஊற்றி ஓட்டும் பவர் ஸ்பிரேயர் வந்தது.

அந்த இயந்திரங்கள் இன்று எங்கே என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். பாதி, மாட்டுக்கொட்டகையின் மூலையில் கிடக்கும். என்ஜின் போய்விட்டதா என்றால் இல்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சிறு ரப்பர்த் தகடு கிழிந்திருக்கும், அல்லது ஸ்டார்ட்டர் கயிற்றின் ஸ்பிரிங் போயிருக்கும். பேட்டரி ஸ்பிரேயர் என்றால் சார்ஜர் எரிந்திருக்கும், அல்லது கைப்பிடி வால்வின் வாஷர் ஊறிப்போயிருக்கும். என் வீட்டில் கிடப்பதும் இந்த ரகம்தான். வாங்கிய கடையில் கேட்டேன். “அண்ணே, அந்தக் கம்பெனியே இப்ப சரக்கு அனுப்புறதில்ல. புதுசு ஒண்ணு வந்திருக்கு, பாருங்க” என்றார் கடைக்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டியின் மேல் ஒரு பெயர், உள்ளே வேறெங்கோ செய்த என்ஜின், கையேட்டில் பாகங்களின் படம் கிடையாது, எண் கிடையாது. என்ன பாகம் என்று பெயர் சொல்லிக் கேட்கவே வழியில்லாதபோது கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்?

பட்டறைக்காரர் கைவிடுவதில்லை. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டுத் தருகிறார். வேறொரு கம்பெனியின் நாசிலை நூல் சுற்றி இறுக்கித் தருகிறார். அவர் கைத்திறமையைக் கும்பிடலாம். ஆனால் அந்த டியூப் வாஷர் வழியாகக் கசிவது தண்ணீர் இல்லை. முதுகில் வழிந்து சட்டையை நனைத்து, தோல் வழியே உடம்புக்குள் போகும் மருந்து. சொட்டுகிற ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு ஒரு ஏக்கரை அடித்து முடித்து, அதே கையால் பீடி பற்றவைக்கிற மனிதரை இந்த ஊர்ப் பக்கம் யார் பார்த்ததில்லை? 2017-ல் இறந்தவர்களின் ஸ்பிரேயர் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. கசியும் ஸ்பிரேயரோடு இன்னொரு பருவத்துக்குப் போவது சூதாட்டம் என்கிறேன்.

நம்மால் முடியாத காரியமா இது? ஆபத்தான பொருளுக்கு உதிரிப்பாகம் எட்டும் தூரத்தில் இருப்பது நம் வீட்டிலேயே நடக்கிறது. பிரஷர் குக்கரைப் பாருங்கள். கேஸ்கட், வெயிட், சேப்டி வால்வு மூன்றும் பெரம்பலூர் பாத்திரக்கடையில் கிடைக்கும், வேப்பந்தட்டையிலும் கிடைக்கும். கம்பெனியின் பெயரையும் எத்தனை லிட்டர் என்பதையும் சொன்னால் கடைக்காரப் பெண் நொடியில் எடுத்துப்போடுகிறார். பத்து வருடம் பழைய குக்கருக்கும் கேஸ்கட் உண்டு. போலி கேஸ்கட்டும் அதே கடையில் தொங்குகிறது என்பது வேறு கதை. ஒரிஜினல் எது என்று கேட்டு வாங்கும் வாய்ப்பாவது இருக்கிறது.

கோயம்புத்தூர் மோட்டார் இன்னொரு பாடம். இந்த வறண்ட மாவட்டத்தில் கிணறும் போர்வெல்லும்தான் உயிர். மோட்டார் புகைந்தால் அன்று சாயங்காலத்துக்குள் காயில் கட்டித் தர ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஆள் இருக்கிறார். பேரிங் எண் சொன்னால் எந்தக் கடையிலும் கிடைக்கும், புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். இங்கே எந்தக் கம்பெனியும் ஆயுள் உத்தரவாதம் தரவில்லை. தரவேண்டிய தேவையும் வரவில்லை. பாகங்கள் பொது அளவில் இருந்ததாலும், பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் பரவியதாலும் ஊரே சர்வீஸ் சென்டர் ஆகிவிட்டது. டில்லன் ஒரு வழி என்றால் இது இன்னொரு வழி. ஸ்பிரேயர், களை வெட்டும் இயந்திரம், மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும். இன்று இரண்டும் இல்லை.

அமெரிக்கா என்றால் எல்லாம் பொன் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டாக் கம்பியை இலவசமாக அனுப்பும் அதே நாட்டில்தான் ஜான் டீர் நிறுவனம் தன் டிராக்டரின் மென்பொருளைப் பூட்டி வைத்து, அங்கீகாரம் பெற்ற டீலரைத் தவிர வேறு யாரும் முழுதாகப் பழுதுபார்க்க முடியாதபடி செய்திருக்கிறது என்று விவசாயிகள் வருடக்கணக்கில் போராடுகிறார்கள். கொலராடோ மாகாணம் 2023-ல் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ துணி துவைக்கும் இயந்திரத்துக்குக்கூட, கடைசி இயந்திரம் விற்பனைக்கு வந்து பத்து ஆண்டுகள்வரை உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று விதி போட்டு, 2021 முதல் நடைமுறைப்படுத்துகிறது. நல்ல சேவை சில இடங்களில் போட்டியால் வருகிறது, சில இடங்களில் சட்டத்தால்தான் வருகிறது. ஸ்பிரேயர் வாங்கும் விவசாயிக்குக் கிளப்பும் இல்லை, கூடிப் பேசும் அமைப்பும் இல்லை. எனவே சட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அடித்தளம் போட்டாயிற்று. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிக் குழு அமைத்தது. தேர்ந்தெடுத்த நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மற்றவை கைபேசி முதலான மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று அதற்கென இணையதளமும் திறந்தார்கள். ஆனால் ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2024-ல் குழு அமைத்தபோது, கைபேசிக்கும் மின்சாதனங்களுக்கும்தான் முதல் இடம். பட்டியலில் இருந்த விவசாயக் கருவி வரிசையில் பின்னால் போய்விட்டது. நகரத்துக்காரரின் கைபேசித் திரை உடைந்தால் எரிச்சல். ஐப்பசியில் ஸ்பிரேயர் நின்றால் பயிர் போகும். எது அவசரம் என்று அதிகாரிகளுக்குப் புரியவைக்க நம் மக்களவை உறுப்பினர்கள் வாய் திறக்க வேண்டும்.

டில்லிக்காகக் காத்திருக்காமல் சென்னையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகக் கருவிகளுக்கு 40 முதல் 50 சதவீதம்வரை மானியம் போகிறது. விலையில் பாதியை அரசு கொடுக்கிறது என்றால், வாங்குகிறவர்களில் பாதி அரசுதான். பாதிப் பணம் போட்டவர் கேள்வி கேட்க வேண்டாமா? ‘விற்பனைக்குப் பிந்தைய சேவை வழங்கப்படும்’ என்று நிறுவனம் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு இயந்திரத்தோடும் எண்ணிட்ட பாகப் படம் தமிழில் வர வேண்டும். தேய்ந்துபோகும் பாகங்களின் விலைப்பட்டியல் கடையில் தொங்க வேண்டும். குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு அந்தப் பாகங்கள் மாவட்டத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்று இத்தனை புகார் வந்தால் அந்தக் கம்பெனி மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்துவிட்டால், மறுநாளே டயாபிரம் எங்கிருந்தாவது வந்து சேரும். அரசு விற்பனையை எண்ணிப் பெருமைப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்றும் எண்ணிப் பார்க்கட்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் இதைக் கேட்கத்தான் போகிறேன்.

உதிரிப்பாகம் வைத்திருந்தால் செலவு கூடும், விலை ஏறும் என்பார்கள் வியாபாரிகள். ஏறட்டும். மூன்று வருடத்தில் இரண்டு மலிவு ஸ்பிரேயர் வாங்குகிறவர், கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒன்றே ஒன்று வாங்கி ஏழு வருடம் ஓட்டுவது நஷ்டமல்ல. அதுவும் முடியாது என்றால் லீ நிறுவனத்தின் பாதி விலைத் திட்டம் இருக்கிறது. அதைப் பின்பற்ற யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இந்தப் பருவத்தில் இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் ஒரு டயாபிரமும் ஒரு வாஷரும் விலைக்குக் கேளுங்கள். எடுத்து மேசைமேல் வைத்தால் வாங்குங்கள். ‘வரும்’ என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் கடை முத்திரையோடு கையில் இருக்கட்டும். பிழைப்புக்காகச் சொந்த வயலில் ஓட்டும் இயந்திரம் என்றால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிடுங்கள்.